சம்பளத்தோட வெயிலையும் தண்ணியையும் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அமெரிக்காவுல வேலைன்னா சம்பளத்தையும் விசாவையும் பத்தி மட்டும்தான் எல்லாரும் பேசுறாங்க, எந்த ஊர்ல குடியிருக்கப் போறோம்னு யாரும் கேக்குறதில்ல. எனக்கும் வீட்டுக்காரருக்கும் ரெண்டு மாசமா இதே பேச்சுதான், அரிசோனா மாநிலத்துல இருக்குற ஃபீனிக்ஸா டூசானா, பக்கத்து நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கியானு. அவருக்கு ஃபீனிக்ஸ்தான், இன்டெல், டிஎஸ்எம்சின்னு கம்ப்யூட்டர் சிப் செய்யுற கம்பெனி வேலை அந்தப் பக்கம்தான் நிறைய. மதுரை வெயில்ல வளர்ந்தவங்களுக்கு என்ன பயம்ங்கிறாரு, ஆனா 2023-ல அங்க தொடர்ந்து 31 நாள் பகல் வெயில் 110 டிகிரியைத் தொட்டுச்சு, இங்க அக்னி நட்சத்திரத்துல 104 வந்தாலே மதியம் தெருவுல கால் வைக்க முடியல.

தண்ணிதான் எனக்குப் பெரிய கவலை. நமக்குப் பெரியாறு தண்ணி 1895-லேருந்து மலையக் குடைஞ்சு வைகைக்கு வருதுல்ல, அது மாதிரி ஃபீனிக்ஸ், டூசானுக்குக் கொலராடோ ஆத்துத் தண்ணிய சுமார் 540 கிலோமீட்டர் கால்வாயில பம்ப் பண்ணி மேடேத்திக் கொண்டு போறாங்க, அந்த ஆத்துலயும் இப்ப வரத்து கொறஞ்சிருச்சு. வைகை காஞ்சு கெடந்ததப் பாத்து வளந்தவளுக்கு இதெல்லாம் சாதாரணமாத் தோணல.

ஆல்புகர்க்கி 5,000 அடிக்கு மேல, ஏற்காடு உயரம், பனியே விழும். என் மனசு டூசான்லதான் நிக்குது, ஃபீனிக்ஸ விடச் சூடு கொஞ்சம் கம்மி, ஜூலை ஆகஸ்ட்ல மழை உண்டு, ஃபீனிக்ஸும் கார்ல ரெண்டு மணி நேரம்தான். உங்க பத்திரிகையில இதையும் விவரமா எழுதுங்கய்யா.

வாசகி, திருப்பரங்குன்றம்