விலகினால் கோழையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அலைச்சறுக்கு வீரர்களுக்கும் மன அழுத்தம் உண்டு என்றால், "கடலில் விளையாடுகிறவனுக்கு என்ன கவலை?" என்று பட்டர்வொர்த் சாப்பாட்டுக் கடையில் சிரிக்கிறார்கள். இங்கே பத்து பிரிங்கி கடற்கரையில் சறுக்குகிற அளவுக்கு அலை எழுவதில்லை; அதனால் விளங்கவில்லை போலும்!

அலைச்சறுக்குப் போட்டியில் ஒரு சுற்று சுமார் அரை மணி நேரம்தான். சிறந்த இரண்டு அலைகளின் புள்ளிகள் மட்டுமே கணக்கு. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல அலை வராமலே போகலாம். உழைப்பில் குறையே வைக்காமல் தோற்றதை யாரிடம் போய்ச் சொல்வது? 2022, 2023 ஆண்டுகளின் உலகச் சாம்பியன் பிலிப்பே டொலிடோவே 2024-இல் முதல் போட்டியோடு, மனநலம் கருதி அந்தப் பருவத்திலிருந்து விலகினார்.

ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட்டைத் தந்த பினாங்கில், பள்ளிப் பூப்பந்துப் போட்டிகளில் பெற்றோர் போடும் சத்தம் காதைப் பிளக்கிறது. புள்ளியைக் கோட்டைவிட்ட பையன் எதிராளியைப் பார்ப்பதில்லை. கம்பியருகே நிற்கும் அப்பாவின் முகத்தைத்தான் பார்க்கிறான். பள்ளிகளும் மாநிலச் சங்கங்களும் பயிற்றுநரோடு ஒரு மனநல ஆலோசகரையும் அமர்த்த வேண்டும். பெற்றோரும் அவரைச் சந்திப்பதைக் கட்டாயமாக்கினால் இன்னும் நல்லது.

விளையாட்டு வீரரின் தாய்,
பட்டர்வொர்த், பினாங்கு