ஆமை முட்டையிடும் கரையில் நாய்களை அவிழ்க்காதீர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாசிக் கடைசியில் அம்மா, பிள்ளைகள், வீட்டு நாய்கள் இரண்டு என எல்லோருமாகப் பூம்புகாருக்குத் தெற்கேயுள்ள வானகிரிக் கடற்கரைக்குப் போயிருந்தோம். கூட்டமே இல்லை. கரையேற்றிய படகுகள், வலை சீர்செய்யும் நாலைந்து பேர், அலைச் சத்தம். முழங்கால் வலியையும் மறந்து அம்மா அலையில் நின்றுகொண்டே இருந்தார். நாய்களையும் அவிழ்த்துவிட்டோம்.

சற்று நேரத்தில் ஒன்று மணலைப் பறிக்கத் தொடங்கியது. வலையைப் போட்டுவிட்டு ஒரு பெரியவர் ஓடிவந்தார். "தம்பி, நாயைப் புடிங்க. பங்குனி ஆமை முட்டை வச்சிருக்கும்."

நல்லவேளை, அங்கே முட்டை இல்லை. ஆனால் பங்குனி ஆமை எனப்படும் இந்தக் கடலாமையின் (ஆலிவ் ரிட்லி) ஒரு குழியில் ஏறத்தாழ 100 முட்டைகள் இருக்குமாம். பொரிய 45 நாட்களுக்கு மேலாகும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இந்த ஆமை. வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் காக்கிறார்கள்; கண்ணுக்குத் தப்பும் குழிகளும் உண்டு.

ஆமைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரியும் காலமான ஜனவரி முதல் மே வரை கரைக்கு வருவோர் நாயைக் கயிற்றிலேயே வைத்திருக்கட்டும். இதைச் சொல்லும் பலகை ஒன்றைக் கடற்கரைப் பாதைகளில் வைக்க வனத்துறையும் ஊராட்சிகளும் முன்வர வேண்டும்.

– வாசகர், மயிலாடுதுறை