ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடிபட்ட கார்களை வாங்கிச் சரிசெய்யும் நம் ஓஹாயோ சங்கத்தில் 23 பேர். இந்த அறிக்கையை 12 பிரதிதான் அச்சடித்திருக்கிறேன். போதாவிட்டால் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து படித்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு 25 பிரதி எடுத்து 16ஐ வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனவன் என்ற முறையில், போதும் என்றே நினைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் பத்து நடந்தன. ஜனவரி, பிப்ரவரிக் கூட்டங்கள் பனியில் போயின. ஜூலையில் குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போய்வந்தோம். அக்டோபரில் வெல்டிங் வகுப்பு நடந்தது. நான்கு ஹெல்மெட் கொடுத்தோம், மூன்று திரும்பி வந்தன. உறுப்பினர்கள் கட்டிய சால்வேஜ் கார்களில் (விபத்திலோ வெள்ளத்திலோ சேதமாகி இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிட்டவை) நான்குக்கு இந்த ஆண்டு ரீபில்ட் டைட்டில், அதாவது சரிசெய்து மறுபடி ஓட்டலாம் என்ற உரிமைப் பத்திரம், கிடைத்தது, அவர்களுக்கு வாழ்த்துகள். ஒருவர் வேலை மாறி டெக்சஸ் போய்விட்டார். சங்கத்தின் டார்க் ரெஞ்சும் அவரோடு போய்விட்டதாகத் தெரிகிறது.

இனி சங்க கார். கூட்டத்துக்குக் கூட்டம் இதைப் பற்றித்தான் பேச்சு, என் முகத்துக்கு நேராக இல்லாவிட்டாலும் காபி இருக்கும் மூலையில். அதனால் நடந்ததை முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

யோசனை என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆளாளுக்கு அவரவர் கராஜில் தனியாக மல்லுக்கட்டுவதற்குப் பதிலாக, சங்கமே ஒரு காரை வாங்கிச் சேர்ந்து கட்டலாம், புதிதாக வந்தவர்கள் அதில் கை பழகலாம், கடைசியில் விற்று வரும் பணத்தைச் சங்கக் கணக்கில் போடலாம் என்று 2024 ஏப்ரல் கூட்டத்தில் சொன்னேன். 15 பேர் கை தூக்கினார்கள். குறிப்பேட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வேலைக்கு வந்தவர்கள் மூன்று பேர், சில வாரம் இரண்டு, மழை பெய்த வாரம் நான் மட்டும்.

சால்வேஜ் ஏலத்தில் கேட்க ஓஹாயோவில் உரிமம் வேண்டும், நம்மிடம் இல்லை. அதனால் தரகர் வழியாக ஒரு 2018 கேம்ரியை வாங்கினோம். இடது முன்பக்கம் அடி. பானெட், பம்பர், ஹெட்லைட், பெண்டர் போயிருந்ததும், ஸ்டீயரிங் ஏர்பேக்கும் முழங்கால் ஏர்பேக்கும் விரிந்திருந்ததும் ஏலப் படங்களிலேயே தெரிந்தது. தெரியாதது, கீழே இடது ரெயில், அதாவது காரின் முன்பக்கத்தைத் தாங்கும் சட்டம், மடங்கியிருந்தது. செயலாளர், அதாவது நான், சரியாகப் பார்க்காமல் வாங்கிவிட்டார் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. காரை நேரில் போய்ப் பார்த்துவர இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அன்று பார்த்து இரண்டு பேருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. பெயர் எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.

முன்பக்கத்தின் குறுக்களவை (மூலைக்கு மூலை தூரம்) எடுத்துப் பார்த்தபோது கம்பெனி அளவிலிருந்து 9 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. 3 மில்லிமீட்டருக்குள் கொண்டுவருவதுதான் நல்ல பாடி ஷாப்களில் வழக்கம். இழுத்து இழுத்து 5 வரை வந்தது, அதற்குமேல் அசையவில்லை. "டார்ச்சில் கொஞ்சம் சூடு காட்டு, தானாக வந்துவிடும்" என்றார் நம் மூத்த உறுப்பினர். அண்ணன் 40 ஆண்டாகக் கார் வேலை செய்பவர். எனக்கு ஸ்பானர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆனால் அவர் தொழில் பழகிய காலத்தில் கார் என்றால் சாதாரண இரும்புத் தகடு. இப்போது ரெயிலிலும் தூண்களிலும் இருப்பது உயர்வலு எஃகு. அதற்குச் சூடு காட்டினால் அந்த வலு போய்விடும். பார்க்க நேராக இருக்கும், அளந்தாலும் சரியாக இருக்கும், அடுத்த முறை அடிபடும்போது மட்டும் மடங்கக் கூடாத இடத்தில் மடங்கும். நான் வேண்டாம் என்றேன். சொன்ன விதம் கொஞ்சம் கடுமையாக இருந்திருக்கலாம். ஆகஸ்டில் கோபித்துக்கொண்டு போன அண்ணன் இன்னும் கராஜ் பக்கம் வரவில்லை.

அப்புறம் ரெயிலையே மாற்றினோம். பின்பக்கம் அடிபட்ட இன்னொரு கேம்ரியிலிருந்து முன் ரெயிலை வாங்கி, இதிலிருந்த பழைய ரெயிலின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டு எடுத்து, கம்பெனி சொல்லும் இடத்தில் மட்டும் ஒட்டு வைத்து வெல்டு செய்தோம். நான்கு சனிக்கிழமை போனது. கடைசி அளவு 2 மில்லிமீட்டர் வித்தியாசம். இதற்கு ஆன செலவைத்தான் ஊதாரித்தனம் என்கிறார்கள்.

ஏர்பேக் இரண்டாவது சண்டை. உறுப்பினர் ஒருவர் இணையத்தில் மலிவாக ஒரு செட் பார்த்து அனுப்பினார். நான் டீலரிடமே வாங்கினேன், விலை அதைப் போல நான்கு மடங்கு. 2024 ஜூலையில் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் விட்ட எச்சரிக்கையைக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன், ஞாபகம் இருக்கும். ஏற்கெனவே விபத்தில் சிக்கி, பிறகு மலிவு ஏர்பேக் போட்டுச் சரிசெய்த கார்கள். அவற்றில் ஏர்பேக்கை ஊதும் பாகம் வெடித்து, உலோகத் துண்டுகள் ஓட்டுநரின் மார்பிலும் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்து, ஒன்பது மாதத்தில் மூன்று பேர் இறந்தார்கள், இரண்டு பேருக்குப் பலத்த காயம். அந்தக் கார்களை விபத்துக்குப் பிறகு சரிசெய்தவர்கள் நம்மைப் போல யாரோ சிலர்தான். இதைப் படித்த பிறகும் நான்கு மடங்கு விலையைக் கேள்வி கேட்பவர்களிடம் எனக்கு வேறு பதில் இல்லை. பெல்ட்டுகளை இறுக்கும் பிரிடென்ஷனர், ஏர்பேக் கம்ப்யூட்டர் இரண்டும் அதே கதைதான்: ஏர்பேக் ஒருமுறை விரிந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும். முன் எம்ப்ளத்துக்குப் பின்னால் இருந்து முன்னே போகும் வண்டியைக் கவனிக்கும் ரேடாரை வெளியில் கொடுத்துக் குறி சரிபார்த்து வாங்கினோம். அந்த பில்லும் கணக்கில் இருக்கிறது.

பிப்ரவரியில் சோதனைக்குப் போனோம். சால்வேஜ் டைட்டிலோடு சாலையில் ஓட்டக் கூடாது என்பதால் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனோம். டிரெய்லர் வாடகை ஒருமுறைதான் ஆகியிருக்க வேண்டும். இரண்டுமுறை ஆனதற்குக் காரணம் இடது ஹெட்லைட். பழைய பாகம் வாங்கும்போது அது எந்தக் காரிலிருந்து வந்ததோ அந்தக் காரின் அடையாள எண்ணான 17 இலக்க வின் எண்ணோடு ரசீது வாங்க வேண்டும் என்று வருடம் முழுக்கக் கத்தியிருக்கிறேன். ஹெட்லைட்டை வாங்கிவந்தவர் ரொக்கம் கொடுத்தாராம், ரசீது "அவன் கொடுக்கவில்லை" என்றார். மார்ச்சில் ரசீதுள்ள இன்னொரு ஹெட்லைட்டை மாட்டிக்கொண்டு போனோம், தேறியது.

அங்கே நிற்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நெடுஞ்சாலைக் காவல்துறை அதிகாரி உரிமைப் பத்திரத்தைப் பார்த்தார், இன்ஜின் எண்ணையும் வின் எண்ணையும் பார்த்தார், ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரெயிலை எப்படி வெல்டு செய்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்பது அவர் வேலையும் அல்ல. திருட்டுப் பாகம் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்கான சோதனை அது. மற்றபடி ஓஹாயோவில் ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை என்று ஒன்று கிடையாது, வடகிழக்கில் ஏழு கவுண்டிகளில் புகைச் சோதனை மட்டும். ஆக, நாம் போட்ட வெல்டை நமக்குப் பிறகு யாரும் பார்க்கப்போவதில்லை. ஏர்பேக் உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா என்றுகூட.

சோதனைச் சீட்டு என்று நான் கொண்டுவந்தது இதற்காகத்தான். காரைக் கட்டியவர் அல்லாத இரண்டு உறுப்பினர்கள் குறுக்களவை எடுக்க வேண்டும், வெல்டைப் பார்க்க வேண்டும், ஏர்பேக் பில்லைப் பார்க்க வேண்டும். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம் என்று அர்த்தம். பார்த்துவிட்டு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் காரை விற்கலாம். இதைக் கேட்டுவிட்டு "இது சங்கமா, ஆர்.டி.ஓ. ஆபீஸா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான்கு கார்களில் இரண்டுக்குத்தான் சீட்டு வந்தது.

வெள்ளக் கார்களைப் பற்றி ஒரு வார்த்தை. செப்டம்பரில் ஹெலீன், அக்டோபரில் மில்டன் புயல்களுக்குப் பிறகு ஏலத்தில் அவை மலிவாக வரும் என்று சொல்லியிருந்தேன், வந்தன. வாங்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன், ஒருவர் வாங்கினார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தபோது தண்ணீர் நின்ற கோடு கழுத்தளவில் தெரிந்தது. உப்புத் தண்ணீர் புகுந்த ஒயரிங் இன்று வேலை செய்யும், ஆறு மாதம் கழித்து எந்தக் கனெக்டர் பச்சை பூத்துப்போகும் என்று யாருக்கும் தெரியாது. இப்போது அவர் வேறு மாநிலத்தில் பதிந்தால் டைட்டிலில் உள்ள சேத முத்திரை போய்விடுமா என்று கேட்கிறார். 1992 சட்டத்தின்படி இதற்கென்றே தேசிய அளவில் தகவல் அமைப்பு இருக்கிறது, ஒருமுறை பதிந்த முத்திரை அதில் நிற்கும். போகும் என்றே வைத்துக்கொண்டாலும் நம் சங்கத்தின் பெயரால் அதைச் செய்ய விடமாட்டேன்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியாகக் கொடுப்பார். சுருக்கமாக, கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. காரணம் பெரும்பாலும் கேம்ரி, கொஞ்சம் டிரெய்லர், கொஞ்சம் ஹெல்மெட். காரை விற்றால் போட்ட பணம் ஏறக்குறைய வந்துவிடும் என்பது என் கணிப்பு. ரீபில்ட் டைட்டில் என்றாலே சந்தை விலையில் நல்ல பங்கு குறைந்துவிடும், சில இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் முழு கவரேஜ் கொடுக்கத் தயங்கும், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆண்டுச் சந்தா 120 டாலர். கட்டியவர்கள் 14 பேர். மற்ற ஒன்பது பேரில் மூன்று பேர் இன்ஜினைத் தூக்கும் ஹாய்ஸ்டை இந்த ஆண்டு எடுத்துப் பயன்படுத்தியவர்கள். ஒருவர் வீட்டில் அது இன்றும் இருக்கிறது. சந்தா கட்டச் சிரமம் உள்ளவர்கள் என்னிடமோ பொருளாளரிடமோ தனியாகச் சொல்லலாம், யாருக்கும் தெரியாது. சிரமம் இல்லாதவர்கள் கட்டிவிடலாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர், பொருளாளர், சனிக்கிழமை தவறாமல் வந்த மூன்று பேர், டிரெய்லரை இழுக்கத் தன் டிரக்கை இரண்டு முறையும் கேட்காமலே கொண்டுவந்தவர், வெல்டிங் வகுப்புக்குச் சாப்பாடு அனுப்பிய குடும்பங்கள்.

அடுத்த ஆண்டு பற்றி. செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது வரவேண்டும் என்று மூன்று ஆண்டாக இதே பக்கத்தில் எழுதி வருகிறேன். யாரும் வராவிட்டால் பார்த்துக்கொள்வோம். ஆனால் சங்க வேலை நடப்பது என் வீட்டுக் கராஜில் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வாடகை கேட்டதில்லை, கேட்கவும் போவதில்லை. என் மனைவியின் கார் இரண்டு பனிக்காலமாக வெளியில் நிற்கிறது. மூன்றாவது பனிக்காலம் பற்றி வீட்டில் இன்னும் பேசவில்லை. பெரிய கராஜ் வைத்திருக்கும் உறுப்பினர்கள் நான்கைந்து பேர் இருப்பது எனக்குத் தெரியும்.

கேம்ரியை எப்போது விற்பீர்கள் என்று கேட்கிறார்கள். அதன் சோதனைச் சீட்டில் ஒரு கையெழுத்துதான் விழுந்திருக்கிறது. இரண்டாவதை அண்ணனுக்காக விட்டுவைத்திருக்கிறேன். அவர் வந்து படுத்து, ரெயிலைத் தட்டிப் பார்த்து, தன் டேப்பாலேயே அளந்து, என்னைத் திட்டிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடட்டும். இந்தப் பிரதிகளில் ஒன்றை அவர் வீட்டுத் தபால் பெட்டியில் நானே போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்