மகளுக்கு இருட்டென்றால் பயம், மச்சான்

கல்லடி, மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

தைப்பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபம் இருந்தால் ஊருக்கு வந்து தீர்த்துக்கொள். அம்மாவின் கால்நோ பரவாயில்லை. மற்ற எல்லோரும் சுகம்.

மகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஐந்து வயதாகிறது. இரண்டு மாதமாக லைட்டை நூர்த்தால் கத்துகிறாள். யன்னலடியில் யாரோ நிற்கிறானாம். இந்த வயதில் கற்பனை வளரும்போது பயமும் சேர்ந்து வளருமாம். அது சரி. ஆனால் போன வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேள்.

நடுச்சாமம், பின்வளவில் நாய்கள் குரைத்தன. நான் அரைநித்திரையில் எழும்பி, அவளுக்காக விட்டிருந்த சின்ன லைட்டை நூர்த்துவிட்டேன். யோசிக்கவேயில்லை, கை தானாகப் போனது. பிள்ளை கதறி எழும்பினாள். "ஏனப்பா நூர்த்தீங்க?" என்று மனைவி கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை.

உனக்குத் தெரியும். 1990இல், அந்தச் சண்டைக் காலத்தில், நாய் குரைத்தால் அம்மா முதலில் குப்பி விளக்கைத்தானே ஊதுவா. அந்த நாளில் இருட்டு நம்மை ஒளித்து வைத்தது. பயமெல்லாம் டோர்ச் வெளிச்சத்துக்கும் சப்பாத்துச் சத்தத்துக்கும்தான். இவளுக்கோ வெளிச்சம்தான் காவல்.

2011 ஆவணியில், உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் ஒருவன் வருகிறான், கிறீஸ் பூதம் என்று ஊரே பொல்லோடு விழித்திருந்ததே, ஞாபகமா? கொடியில் காய்ந்த சாரத்துக்கு நீ பொல்லை ஓங்கியதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயம் சும்மா வரவில்லை மச்சான். இரவில் வந்து ஆட்களைக் கொண்டுபோனவர்களின் முகம் நமக்குத் தெரியாமலே போயிற்று. முகம் தெரியாததற்குச் சனம் ஒரு பெயர் வைத்தது.

அந்த வெள்ளிக்கு மறுநாள் இரவு லைட்டெல்லாம் நூர்த்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தேன். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். முதலில் என் சட்டையை விடவேயில்லை. மறுகா கிணற்றுக்கட்டு தெரிந்தது, முருங்கை தெரிந்தது. யன்னலடியில் கிழிந்த வாழையிலை ஆடியது. அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. என் உடம்பு இறுகியது. அவள் உடனே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அதிலிருந்து எனக்கு நித்திரையில்லை. இவள் பயப்படுவது இருட்டுக்கா, என்னைப் பார்த்தா?

வருகிற பூரணைக்கு, நம் வாவியில் பாடும் மீனின் சத்தம் கேட்க, அவளைக் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் கூட்டிப்போகிறேன். துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்கட்டும்.

உன் பொடியன் அங்கே லைட் போட்டுத்தான் படுக்கிறானா? நாய் குரைத்தால் நீ எழும்புகிறாயா? கட்டாயம் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்