கோணத்துக் கூட்டுக்காரனுக்கு

தக்கலை,
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள மக்கா,

நீ அனுப்பின போட்டோவைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், கோபப்படாதே. அமெரிக்காவில் உன் மருமகன் வீட்டில், ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டியின் முன்சக்கரம் ரெண்டும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் நீ. சவுதி டம்மாமில் இருபத்தஞ்சு வருஷம் லேத்து ஓட்டினவன் நிற்கிற நிலையா அது? கல்யாண வீட்டு வாசலில் செருப்பைத் தொலைத்தவன் மாதிரி நிற்கிறாய்.

சிரித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அச்சு அசலாக இதே வியாதியோடு ஒரு வண்டி போன மாசம் என் வீட்டு முற்றத்தில் பதினஞ்சு நாள் கிடந்தது. தக்கலையில் ஏதுடா அமெரிக்கா வண்டி என்று கேட்பாய். குலசேகரத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் அமெரிக்காவில் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டார். தோட்டத்தில் நின்ற ரப்பரை வெட்டிவிட்டு ரெண்டு ஏக்கரில் புல் போட்டிருக்கிறார். வரவேற்பு, பிறந்தநாள் என்று வாடகைக்கு விடுகிறார். அங்கே வைத்திருந்த வண்டியையும் வீட்டுச் சாமானோடு கண்டெய்னரில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். ரெண்டு மழையும் பெய்கிற மலையடிவாரம், புல்லுக்குக் கேட்கணுமா? ஆனால் அது மாடுகூட வாய் வைக்காத புல்லு. சவத்த விடு, அவர் நிலம், அவர் இஷ்டம்.

அந்த நிலத்தில் ஒரு அயனி மூடு, அடிக்கட்டை, கிடக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது சாய்ந்த மரம். தடியை அறுத்துக் கொண்டுபோனார்கள், மூட்டைத் தோண்ட ஆளில்லாமல் விட்டுவிட்டார்கள். அயனி மரம் உனக்குத் தெரியுமே, வருஷக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்தாலும் உளுக்காது. புல் வளர்ந்து அதை மூடியிருந்திருக்கிறது. வேலைக்காரப் பையன் வேகத்தில் வந்து வலது சக்கரத்தை அதில் கொண்டு முட்டினான். அன்றையிலிருந்து வண்டி நேராகப் போகாது. சுசீந்திரம் தேரைப் போல ஆளுக்கொரு முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்ப வேண்டும் போல என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லாதே. முப்பத்துரெண்டு வருஷம் பஸ்ஸுக்கு அடியில் கிடந்தவன் நான். குனிந்து பார்த்தேன். ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற டை ராடு வில் மாதிரி வளைந்திருந்தது. இவ்வளவுதானா என்று கழற்றி, பட்டறைக் கல்லில் வைத்து நாலு தட்டுத் தட்டி நேராக்கி மாட்டினேன். முன்னால் பத்தடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கொஞ்சம் வாத்துக்கால் தெரிந்தது, சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விரிந்து நின்றது. ராடின் முனையை ரெண்டு சுற்றுச் சுற்றினேன். நேராகத் தெரிந்தது. கொள்ளாம் என்று அனுப்பிவிட்டேன். காசும் வாங்கிவிட்டேன், அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

எட்டாம் நாள் வண்டி திரும்பி வந்தது. அதே வாத்துக்கால், போதாததற்கு வலது சக்கரம் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு நிற்கிறது. டயரின் உள் ஓரம் வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. வண்டி திரும்பின இடத்திலெல்லாம் புல் வேரோடு உரிந்திருக்கிறதாம். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

அன்று ராத்திரி எனக்கு நம்ம மாஸ்டர் ஞாபகம்தான். கோணம் ஐ.டி.ஐ.யில் ஜீப்பின் முன்னச்சைக் காட்டிக்கொண்டு, "கோணத்தில படிக்கிறவனுக்குக் கோணல் தெரியாண்டாமாலே?" என்று கேட்பாரே. உங்கள் டர்னர் ஷெட்டுக்கு வரைக்கும் கேட்கும் அந்தச் சத்தம். அவர் ஒன்று சொல்வார்: முதலில் ஆட்டம், பிறகு அளவு. ஆட்டத்தை எடுக்காமல் அளவு வைத்தால், அசைகிற பலகையில் நின்று சுவரில் கோடு போடுகிற மாதிரி. பஸ்ஸில் இதை ஒரு நாளும் மறந்ததில்லை. குட்டி வண்டிதானே என்று நினைத்ததுதான் வினை.

ஆகையால் நீ ஸ்பேனரை எடுக்கும் முன்னால் இதைச் செய். சாவியை எடு, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவை. கீழே பிளேடு இருக்கிற வண்டி, விளையாட்டு வேண்டாம். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வை, ஜாக்கியை மட்டும் நம்பாதே. இப்போது ஒரு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டிப் பார். ஆடினால், சக்கரத்தின் புஷ்ஷோ (தண்டைச் சுற்றி நிற்கிற வளையம்), சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிண்டில் நிற்கிற புஷ்ஷோ போயிருக்கிறது. அடுத்ததாக முன்னும் பின்னும் பிடித்து ஆட்டு. ஆடினால் டை ராடு முனையில் இருக்கிற பந்து தேய்ந்திருக்கிறது. என்னுடையதில் ரெண்டு வகையிலும் ஆடியது. மேலும் கீழும் ஆட்டும்போது 'டக் டக்' என்று ஒரு சத்தம். முதல் தடவை சக்கரத்தில் கை வைத்திருந்தால் அன்றைக்கே கேட்டிருக்கும்.

ஸ்பிண்டிலைக் கீழே இறக்கினேன். புஷ் ஒரு காலத்தில் வட்டமாக இருந்திருக்கும், இப்போது பலாக்கொட்டை வடிவம். ஏன் தேய்ந்தது தெரியுமா? கிரீஸ் நிப்பிளின் வாயில் செம்மண் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. ஊசியால் குத்தி எடுத்தேன். அமெரிக்காவை விட்டு வந்த பிறகு அதற்கு யாரும் கிரீஸ் காட்டினதே இல்லை. இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கச் சொல்வார்கள். உன் மருமகனிடம் கேள், நிப்பிள் எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது.

உனக்கு அங்கே கடையில் புஷ் பொட்டலமாகக் கிடைக்கும். எனக்கு லேத்துப் பட்டறைதான் கதி. இந்த இடத்தில் உன்னை ரொம்ப நினைத்தேன், கேட்டியா. பட்டறையில் ஒரு சின்னப் பையன், நல்ல வேலைக்காரன்தான். கன்மெட்டலில் கடைந்து தா என்று பழைய ஸ்பிண்டிலையும் கையில் கொடுத்தேன். அவன் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு "19 மில்லி அண்ணாச்சி" என்று உள்விட்டத்தைச் சரியாக 19இல் நிறுத்திவிட்டான். கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறது. ஸ்பிண்டிலில் ஏறவே இல்லை. சுத்தியலால் தட்டலாம் என்று அவன் கையை ஓங்குகிறான், நான் பிடித்துக்கொண்டேன். அது முக்கால் அங்குலத் தண்டு. 19.05. அந்த அஞ்சு பைசா வித்தியாசம் அவன் பிறப்பதற்கு முன்னாலேயே நம் ஊரில் செத்துப்போன கணக்கு. அங்குலக் கணக்கை ஒரு சாயா குடிக்கிற நேரம் சொல்லிக் கொடுத்தேன். ரெண்டாவது தடவை 19.15க்கு எடுத்தான். கிரீஸ் தடவிப் போட்டதும் ஸ்பிண்டில் தன் கனத்திலேயே பைய இறங்கி உட்கார்ந்தது. அந்த இறக்கத்தைப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நட்டு விஷயத்திலும் இதே பாடு. டை ராடு முனையில் இருப்பது அங்குலத்துக்கு 24 மரை. நம்ம ஊர் 10 மில்லி நட்டு ரெண்டு மரை ஏறிச் சிக்கிக்கொள்ளும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

ஆட்டம் போனதும் வலது சக்கரத்தின் சாய்வும் தானாகப் போய்விட்டது. பிறகுதான் டேப்பை எடுத்தேன். காற்றை முதலில் பார்த்துக்கொள். முன்டயருக்குப் பொதுவாக 14, பின்டயருக்கு 10 என்று இருக்கும். பஞ்சர் கடைப் பையன் ஸ்கூட்டர் என்று நினைத்து 30 அடித்து வைத்திருந்தான்! ரெண்டு பக்கமும் ஒரே அளவு இல்லாவிட்டால் நீ என்ன அளந்தாலும் பொய்தான். வெட்டுகிற தட்டைக் கழற்றி வெளியே இழுத்துவிட்டால் பின்பக்கம் அளக்கச் சுளுவாக இருக்கும். ஸ்டீரிங்கை நேராக வைத்து, ரெண்டு டயரிலும் பட்டையின் நட்டநடுவில், முன்பக்கம், அச்சு உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடு. கோட்டுக்குக் கோடு அளந்து எழுது. அப்புறம் வண்டியை அப்படியே முன்னால் தள்ளு, அந்தக் கோடுகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை. மறுபடியும் அள. அதே கோட்டை வைத்து அளப்பதால் ரிம் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் கணக்குப் பிசகாது. ஹைட்ரோ வண்டி, அதாவது கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிறது என்றால் பின்னால் ஒரு லிவர் இருக்கும், அதை இழுத்துவிட்டால்தான் தள்ள வரும். இல்லாவிட்டால் இடுப்புதான் பிடிக்கும்.

எனக்கு முன்னால் 812 மில்லி, பின்னால் 796. ஆட்டத்தையெல்லாம் எடுத்த பிறகும் அஞ்சு நூல் வெளியே! ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம். ராடைத்தான் நேராக்கிவிட்டோமே என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஸ்பிண்டிலோடு சேர்ந்த கை, டை ராடு வந்து மாட்டுகிற இடம், இருக்கிறதே, அது முட்டின வேகத்தில் வளைந்திருக்கிறது. மூணு டிகிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நீயாக இருந்தால் வலது ஸ்பிண்டிலையே புதிதாக வாங்கிப் போடு, அதுதான் முறை. எனக்கு உதிரி வர மாசக்கணக்காகும் என்றார்கள். ராடின் நீளத்தில் ஈடுகட்டினேன்.

இதில் ஒரு சூட்சுமம். என் வண்டியில் டை ராடு அச்சுக்குப் பின்னால் ஓடுகிறது. அதனால் ராடை நீட்டினால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே மூடும். உன்னுடையதில் அச்சுக்கு முன்னால் ஓடினால் எல்லாம் நேர்மாறு. போட்டோவில் தெரியவில்லை, படுத்துப் பார். என் ராடில் ரெண்டு முனையிலும் ஒரே வலது மரை, ராடைச் சுழற்றினால் பயனில்லை. ஒரு முனையைக் கழற்றித்தான் முழுச் சுற்றாகச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு ராடு நீளுவது ஒரு மில்லிதான், ஆனால் டயரில் அளக்கும்போது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் நாலு மில்லி மாறுகிறது. கை சின்னது, டயர் பெரிது இல்லையா. அஞ்சு சுற்று வெளியே எடுத்தேன். முன்னால் 802, பின்னால் 806. ஒரு நூலுக்குச் சற்று மேலே உள்ளே. செக் நட்டை முறுக்கினேன், அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சோறு இறங்கியது.

நேராக வைக்காமல் ஏன் உள்ளே வைக்கிறோம் என்று ஐ.டி.ஐ.யில் அன்றைக்கு நீ என்னிடம் கேட்டாய், நான் மாஸ்டர் சொன்னார் என்றேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். வண்டி முன்னால் போகும்போது தரை சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இணைப்பில் மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்ச ஆட்டமும் வெளிப்பக்கம் விரிகிறது. நிற்கும்போது அந்த ஒரு நூலை உள்ளே வைத்தால், ஓடும்போது நேராகிவிடும். 3 முதல் 5 மில்லி போதும் என்பது என் கணக்கு. உன் வண்டியின் புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே வை. அளக்கும்போது ஸ்டீரிங் திரும்பி இருக்கக் கூடாது என்பதை மறந்துவிடாதே. திரும்பும்போது உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்பும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். 1818இல் ஆக்கர்மான் பெயரில் லண்டனில் பதிவானதே, குதிரை வண்டிக்காக, அதே சங்கதிதான். அதைக் கோணல் என்று நினைத்து நீ நேராக்கப் போய்விடாதே.

வண்டியைக் கொண்டுபோய் அவர் புல்லில் நானே ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீரிங்கை விட்டுவிட்டு இருபதடி, நேராகப் போனது. இடது பக்கம் வளைக்கும்போது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, வளைந்த கையின் மிச்சம். அதை அவரிடம் சொல்லிவிட்டேன். ரெண்டாம் தடவைக்குக் கூலி வாங்கவில்லை, புஷ்ஷுக்கு மட்டும் வாங்கினேன். அயனி மூட்டை ஜேசிபி வைத்துத் தோண்டச் சொன்னேன். சுற்றிலும் நாலு செம்பருத்தி நட்டு வட்டமாக வேலி கட்டியிருக்கிறார். அதுவும் ஒரு வழிதான்.

ஊரில் வேறே பெரிய விசேஷமில்லை. வீட்டுக்காரிக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இப்போது என் சட்டைக் கிரீஸ் கறை அவளுக்கு நன்றாகத் தெரிகிறது, அது ஒரு தொல்லை. பேரப்பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டரில் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்களே, 2024 கடைசியில் திறந்தது, நீ இன்னும் பார்க்கவில்லை. பிள்ளைகள் குதித்துக்கொண்டு ஓடுகிறார்கள். நான் கண்ணாடிக்குக் கீழே கடலைப் பார்க்காமல் ஓரத்துப் போல்ட்டுகளை எண்ணிக்கொண்டே கடந்தேன். மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கடைக்காரன் பேச்சே மாறிவிட்டது. உனக்கு அங்கே என்ன பழம் கிடைக்குமோ, பாவம்.

நாளைக்கே டேப்பைப் பிடித்து, முன்னால் எவ்வளவு பின்னால் எவ்வளவு என்று எழுதி அனுப்பு. அதற்கு முன்னால் ஆட்டிப் பார்த்தாயா என்று கேட்பேன், பொய் சொல்லாதே. தை மாசம் வருவதாகச் சொன்னது உறுதிதானே? மரச்சீனியும் சாளைக் குழம்பும் வைக்கச் சொல்கிறேன். பட்டறைப் பையனுக்கும் உன்னைக் காட்ட வேண்டும். அவன் முதலில் கடைந்த 19 மில்லி புஷ்ஷை எறிய விடவில்லை, உனக்காக மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன். உள்ளே விரலை விட்டுப் பார், வேலையில் ஒரு குறை சொல்ல மாட்டாய்.

உன் கூட்டுக்காரன்