விதை கிடையாது, முத்து

குயெர்னவாகா, மெக்சிகோ
அக்டோபர் 2

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. கோமதிக்கு மூட்டுவலி குறைந்ததில் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். மழைதான் விட்டபாடில்லை.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்ட பெரிகோன் மூலிகைச் செடியின் விதையை அனுப்ப மாட்டேன். திட்டுவதானால் திட்டிக்கொள். சோம்பு வாசம் என்று ஒரு வரி எழுதியதற்கு, குன்னூரில் பாத்தியே வெட்டிவிட்டாயாமே! உன் ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்தின் கதியை நானும் சீனுவும் இன்னும் மறக்கவில்லை.

இந்தச் செடியைப் பார்க்க வேண்டிய நாள் செப்டம்பர் 28. மறுநாள் புனித மிக்கேல் திருநாள். அதற்கு முந்தைய இரவில் சாத்தான் அவிழ்த்துக்கொண்டு திரிவானாம். அவன் நுழையாதிருக்க, இந்த மொரேலோஸ் மாநிலத்தில் பெரிகோன் பூங்கொத்தைச் சிலுவையாகக் கட்டி வாசற்கதவில் மாட்டுகிறார்கள். மக்காச்சோளக் கொல்லையின் நான்கு மூலைகளிலும் வைக்கிறார்கள். நம் செண்டுமல்லிக்கு ஒன்றுவிட்ட தங்கை, ஆனால் அந்தக் குண்டுப் பூ இல்லை. மஞ்சளாக மூன்று, மிஞ்சினால் ஐந்து இதழ்கள். ஸ்பானியர் வருமுன்பே இங்கே ஆண்ட ஆஸ்டெக்குகள் இதை மழைக்கடவுள் த்லாலோக்குக்குப் புகைபோட்டிருக்கிறார்கள். சாமி மாறியும் செடியை விடவில்லை, பார்.

வீட்டுக்காரம்மா இளஞ்சோளக் கதிர் வேகவைக்கும்போது பானையில் ஒரு கொத்துப் போடுவார். வயிறு சரியில்லையென்றால் காய்ந்த பூவையும் இலையையும் கொதிநீரில் இட்டு மூடிவைத்துத் தேநீராகத் தருவார். சர்க்கரை இல்லாமலே நாக்கில் இனிப்பு நிற்கும். ஆனால் அந்த வாசத்தில் எஸ்ட்ராகோல் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சோம்பிலும் துளசியிலும் இருப்பதுதான். அதிக அளவில் கொடுத்தபோது எலிகளுக்குக் கல்லீரலில் கட்டி வந்திருக்கிறது. எப்போதாவது ஒரு குவளை என்றால் பயமில்லை. காபியை விட்டுவிட்ட நீ ஒரு குவளையோடு நிறுத்துவாயா?

இதெல்லாம் சாக்கு என்பாய். சரி, உண்மைக் காரணம் இது. முதுமலைக்குப் போன வழியில் புல்லே தெரியாமல் உண்ணிச்செடி மூடிக்கிடந்ததைக் காட்டிக் கொதித்தவன் நீதானே? அதுவும் பார்த்தீனியமும் இந்தக் கண்டத்திலிருந்து வந்தவைதான், முத்து. உண்ணிச்செடியை அழகுக்கென்று முதலில் கொண்டுவந்தவனும் ஒரு பாத்திதான் வெட்டியிருப்பான். பெரிகோனும் அப்படிப் பரவும் என்று நான் சொல்லவில்லை. உன் வேலிக்கு அடுத்தது சோலைக்காடு. அங்கே சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பாத்தியில் கொத்தமல்லி போடு. அடுத்த செப்டம்பருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு நீயே வா, கொல்லைக்கே கூட்டிப்போகிறேன். சீனு மகளின் கல்யாணத் தேதி முடிவானதா? அவன் எனக்கு எழுதவே மாட்டான், நீயாவது எழுது.

அன்புடன்,
ராகவன்