அப்பத்தாவுக்கு வயசு தொண்ணூறா, தொண்ணூற்றாறா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. வர முடியவில்லையே என்று நீ போனில் விசும்பியதைக் கேட்டுவிட்டு உங்கம்மா அன்றைக்கு முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டு மாத வயிற்றோடு டப்ளினிலிருந்து நீ கிளம்பியிருந்தால், ‘பிள்ளைத்தாச்சிக்குச் சாவு வீட்டில் என்னடி வேலை’ என்று முதலில் திட்டுவது அப்பத்தாவாகத்தான் இருந்திருக்கும்.

இங்கே அழுகையைவிட ஒரு சண்டைதான் பெரிதாக நடந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் என்ன வயசு போடுவது என்று. ஆதாரில் இருப்பது 01.01.1935. அதன்படி தொண்ணூறு. அப்படியே போடு, நாளைக்குப் பேங்கில் கேள்வி வரும் என்றார் உன் பெரியப்பா. சரி, போட்டுவிடலாம். “நீங்க பொறந்தது 1947. அப்படின்னா அம்மா பன்னெண்டு வயசுலயே உங்களைப் பெத்துருச்சா?” என்று கேட்டேன். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த 1935 எப்படி வந்தது தெரியுமா? 1965-ல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து மெட்ராஸில் இறங்கியபோது, பேர் எழுதின குமாஸ்தா அப்பத்தாவின் முகத்தைப் பார்த்து முப்பது என்று எழுதிக்கொண்டார். காகிதத்திலிருந்து ரேஷன் கார்டுக்கும், அங்கிருந்து ஆதாருக்கும் அதே கணக்கு போய்ச் சேர்ந்தது. அப்பத்தாவுக்கு வேறு கணக்கு. ‘குண்டு போட்ட வருசம் எனக்குப் பன்னெண்டு.’ ஜப்பான்காரன் ரங்கூனில் முதல் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. ஆக, தொண்ணூற்றாறு.

குண்டு விழுந்ததும் ஊரே காலி. அப்பத்தாவின் பெரியண்ணன் அஸ்ஸாம் பக்கமாக நடந்தே ஊருக்குப் போகிறேன் என்று ஒரு கூட்டத்தோடு கிளம்பினார். கடுதாசி வரவே இல்லை. மற்றவர்கள் பெகு பக்கம் வயக்காட்டில் ஒளிந்து பிழைத்தார்கள். சண்டை முடிந்த கையோடு கல்யாணம், ரங்கூனில் மளிகைக் கடை, நாலு பிள்ளைகள். 1964 மார்ச்சில் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டெல்லாம் செல்லாது என்று அறிவித்தார்கள். உங்க தாத்தா வைத்திருந்தது முழுக்க நூறு நூறாகத்தான். நம்மைப்போல லட்சம் பேருக்கு மேல் கப்பலேறியது அப்படித்தான்.

எனக்கு அப்போது நாலு வயசு. கப்பலில் வாந்தி எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மற்றதெல்லாம் அப்பத்தா சொன்னது. ரங்கூன் துறைமுகத்தில் சோதனை போட்டவர்கள் காதுத் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். மூட்டையைப் பிரித்தால் சேலைக்கு நடுவே தனக்கா, அதாவது பர்மாக்காரர்கள் சந்தனம் மாதிரி முகத்தில் பூசிக்கொள்கிற கட்டை, அரைக்கிற கல். ‘இந்தியாவுல கல்லே இல்லையா?’ என்று சோதனை போட்டவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டானாம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அப்பத்தா காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

உனக்கு அந்தக் கல் நன்றாகத் தெரியும். வட்டமாக, ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு பள்ளத்தோடு இருக்குமே, அதுதான். தனக்காக் கட்டையைத் தண்ணீர் தொட்டு உரசி, சித்திரை வெயிலில் உன் கழுத்து வேர்க்குருவுக்குப் பூசிவிடுவார். காய்ந்ததும் தோல் இழுக்கிறது என்று நீ கத்துவாய். கட்டை எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டதில்லை. இங்கே ஒட்டாமல் பர்மாவுக்கே திரும்பப் பார்த்த நம் சனத்தில் சிலர், மணிப்பூர் எல்லையில் மோரேயோடு நின்றுவிட்டார்கள். அங்கிருந்து எப்போதாவது யாராவது கொண்டுவந்து தருவார்கள். இல்லாத நாளில் கஸ்தூரி மஞ்சள்தான்.

மெட்ராஸ் வியாசர்பாடியில் அப்பத்தா அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்க மேஜை போட்டது நான் ஒண்ணாம் வகுப்பு படிக்கும்போது. நீ பார்த்தது கடைசிக் காலம், முட்டி வலியோடு ஸ்டூலில் உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருந்த காலம். முன்பெல்லாம் கை நிற்காது. குண்டாவில் மஞ்சள் நூடுல்ஸை ஒரு பிடி அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே பேஜோ என்கிற மொறுமொறு பலகாரத்தை நொறுக்கி, ஐந்து விரலாலும் புரட்டிப் புரட்டிப் பிசைவார். கரண்டி போட்டுக் கிளறுகிற இன்றைய கடைகளைக் கண்டாலே ஆகாது. தட்டுக் கணக்கை மட்டும் தமிழில் எண்ணமாட்டார், பர்மா பாஷையில்தான். தித், நிட், தோன், லே, ஙா. வாழைத்தண்டு சூப்புக்குக் காசு கேட்டதே இல்லை. அதனால்தான் நாங்கள் பணக்காரர்கள் ஆகவில்லை என்று உன் பெரியப்பா இன்றைக்கும் சொல்கிறார்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பொண்ணு, “பாட்டி, உங்களுக்கு என்ன வயசு?” என்று சும்மா பேச்சுக் கொடுத்தது. அப்பத்தா கண்ணைத் திறக்காமலே, “எந்தக் காகிதத்துல?” என்றார். அந்தப் பொண்ணுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வெளியே போய் நின்றுவிட்டேன்.

இறப்புச் சான்றிதழில் தொண்ணூறு. போஸ்டரில் ‘அகவை 96’. இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

கல்லை யார் வைத்துக்கொள்வது என்று யாரும் சண்டை போடவில்லை, கேட்கவும் இல்லை. நான் எடுத்துக் கழுவி வைத்துவிட்டேன். அடுத்த மாதம் பிரசவத்துக்கு நாங்கள் வரும்போது கொண்டுவருகிறேன். எடை போட்டுப் பார்த்தேன், இரண்டே முக்கால் கிலோ. அதற்காக நார்த்தங்காய் ஊறுகாயைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்று உங்கம்மாவுக்கு என்மேல் கோபம். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து இது என்ன என்று கேட்டால் இங்கிலீஷில் என்ன சொல்வது, யோசித்து எழுது.

அன்புடன்,
அப்பா